ஃபாசிலைஸ்: கல்லுக்கும் கருத்துக்கும் பொதுவான ஓர் ஆங்கில வினையைக் கையாளும் முறை

'ஃபாசிலைஸ்' என்ற வினைக்கு 'புதைபடிவமாக மாறு' என்ற அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப் போனால் பாதி இடங்களில் இடறும். எலும்பு ஃபாசிலைஸ் ஆகும், பாறை ஆகாது. மொழிப் பிழை ஆகும், கோபம் ஆகாது. பழைய அலுவலகத்தின் நடைமுறை ஆகும், போன மாதம் தொடங்கிய அலுவலகத்தின் நடைமுறை ஆகாது. மண்ணுக்கடியில் உடலுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த வரம்புகள் தாமாகவே விளங்கும். அதனால் நேர்ப்பொருளை நன்றாகப் பிடித்துக்கொண்டு, பிறகு உருவகத்துக்குப் போகலாம்.

படி 1: எழுத்தும் ஒலியும்

அழுத்தம் முதல் அசையில்: ஃபா-சி-லைஸ். கடைசி ஒலியை 'சைஸ்' என்ற சொல்லின் முடிவில் வருவதுபோல் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். பாம்பு சீறுவதுபோல் முடித்தால் தவறு. எழுத்தில் அந்தக் கடைசி ஒலிக்கு அமெரிக்கர்கள் இசட் போடுவார்கள். பிரிட்டனில் எஸ் அதிகம், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இசட்டையே முதலில் தருகின்றன. இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால்தான் குற்றம். நடுவில் எஸ் இரண்டு, எல் ஒன்று. எல்லை இரட்டிப்பது அடிக்கடி நடக்கும் எழுத்துப்பிழை.

படி 2: மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது

'ஃபாசில்' என்ற பெயர்ச்சொல் லத்தீனில் 'தோண்டி எடுக்கப்பட்டது' என்ற பொருளில் பிறந்தது. உயிருக்கும் அதற்கும் தொடக்கத்தில் உறவே இல்லை. 1546இல் ஜெர்மானிய அறிஞர் கியோர்கியஸ் அக்ரிகோலா இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதிய நூல் பெரும்பாலும் கனிமங்களைப் பற்றியது. வினைச்சொல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகிறது. அதற்குள் பெயர்ச்சொல்லின் பொருள் 'பண்டைய உயிரின் எச்சம்' என்று குறுகிவிட்டதால், வினை அந்தக் குறுகிய பொருளை மட்டும் வாரிசாகப் பெற்றது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற எரிபொருளைப் பழைய, அகன்ற பொருளில் 'ஃபாசில் ஃப்யூயல்' என்று சொல்லலாம், 'ஃபாசிலைஸ்டு ஃப்யூயல்' என்று சொல்ல முடியாது என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி நிகழ்வு. ஓர் உயிர் இறந்ததும் மூன்று எதிரிகள் வேலையைத் தொடங்குகின்றன: பிணந்தின்னிகள், நுண்ணுயிர்கள், காற்றிலும் நீரிலும் நிகழும் சிதைவு. மூன்றையும் ஒருசேரத் தடுக்க வல்லது விரைவான புதைவு. வெள்ளம் கொண்டுவந்த சேறு, எரிமலைச் சாம்பல், கடலடி வண்டல் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று உடலை மூட வேண்டும். மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான உயிர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. அதனால்தான் இந்த வினையோடு 'ரேர்லி', 'செல்டம்' போன்ற சொற்கள் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 'சாஃப்ட் டிஷ்யூஸ் ரேர்லி ஃபாசிலைஸ்' என்பது துறையின் அன்றாட வாக்கியம்.

புதைந்த பிறகு பாதைகள் பிரிகின்றன. இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் 'இன்', 'ஆஸ்' போன்ற முன்னிடைச்சொற்களில் எது எங்கே வரும் என்பது புரியும்.

முதல் பாதை கனிமம் ஊறுதல். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவும் கால்சைட்டும் எலும்பின் நுண்துளைகளிலும் மரத்தின் செல் இடைவெளிகளிலும் படிகின்றன. எலும்பின் சொந்தக் கனிமம் பெரும்பாலும் அங்கேயே தங்குகிறது, வேதியியலில் மட்டும் மாறி. எனவே 'எலும்பு முழுக்கக் கல்லாக மாறிவிட்டது' என்று எழுதுவது பல நேரம் மிகை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரக் காட்டில் டிரையாசிக் கால (டைனோசர்கள் தோன்றிய காலம்) மரத்தண்டுகள் சிலிக்காவால் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றில் செல் அமைப்பைக்கூடப் பார்க்க முடிகிறது.

இரண்டாவது, பதிலீடு. மூலப்பொருள் கரைந்து போகப் போக அதே இடத்தில் வேறு கனிமம் குடியேறுகிறது. பைரைட் என்ற இரும்புக் கனிமமாக மாறிய அம்மோனைட் (அழிந்துபோன கடலுயிர்) ஓடுகள், ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் ஓபல் எலும்புகள் இந்த வகை. வடிவம் பழையது, பொருள் முழுக்கப் புதியது. உருவகப் பயன்பாட்டுக்கு அடிப்படை இந்தப் பாதைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கரிப்படலம். இலையின் மேல் அழுத்தம் ஏறி மற்ற தனிமங்கள் வெளியேற, மெல்லிய கரிப்படலம் எஞ்சும். இங்கே 'ஃபாசிலைஸ்டு ஆஸ் கார்பன் ஃபிலிம்ஸ்' என்று 'ஆஸ்' வரும். நான்காவது, அச்சும் வார்ப்பும். ஓடு கரைந்து, பாறையில் அதன் வெற்றிடம் மட்டும் நிற்கிறது. பிறகு அந்த வெற்றிடம் நிரம்பினால் வார்ப்பு.

உடல் இல்லாமலும் வினை இயங்கும். தான்சானியாவின் லேட்டோலியில் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் 'ஃபாசிலைஸ்டு ஃபுட்பிரின்ட்ஸ்'. விலங்கின் கழிவும் அப்படியே. உயிரின் செயல் விட்டுச்சென்ற தடம் என்பதே தகுதி.

எவ்வளவு காலம் ஆக வேண்டும்? 10,000 ஆண்டுகள் என்பது துறையில் புழங்கும் வழக்கமான கோடு. அது வசதிக்காக வரைந்தது, இயற்கை வரைந்தது இல்லை. அதற்கு இளையவற்றை 'சப்ஃபாசில்' என்பார்கள். நிரந்தர உறைபனியில் முடியோடும் தசையோடும் கிடைக்கும் மாமத் யானைக்கு 'ப்ரிசர்வ்டு' அல்லது 'ஃப்ரோசன்' பொருத்தம். அங்கே பொருள் மாறவே இல்லையே. லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க்குழி எலும்புகளும் பெரும்பாலும் மூல எலும்புகளே, கீல் ஊறியவை. அவற்றை ஃபாசில் என்று பெயர்ச்சொல்லால் தாராளமாகச் சொல்கிறார்கள். வினை போட வேண்டிய இடத்தில் 'ப்ரிசர்வ்டு இன் அஸ்ஃபால்ட்' என்று எழுதினால் யாரும் குறை காண முடியாது.

படி 3: எழுவாயைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. வாக்கியத்தில் ஃபாசிலைஸ் ஆவது எது என்று ஒரு முறை விரலை வைத்துப் பாருங்கள்.

பாறையைக் குறித்து 'ஃபாசிலைஸ்டு ராக்' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. படிவங்களைத் தாங்கும் பாறைக்குத் தனிச்சொல் உண்டு: 'ஃபாசிலிஃபெரஸ்'. பழைய மணற்குன்று இறுகிப் பாறையானதை 'ஃபாசில் ட்யூன்' என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள், 'ஃபாசிலைஸ்டு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வழக்கில் ஏறிவிட்ட விதிவிலக்கு. அதைப் பார்த்து எல்லாப் பாறைக்கும் நீட்ட வேண்டாம்.

ஆம்பரில் பூச்சி இருந்தால் ஃபாசிலைஸ் ஆனது எது? பிசின். ஆம்பர் என்பதே 'ஃபாசிலைஸ்டு ரெசின்'. பூச்சி அதற்குள் 'ட்ராப்டு' அல்லது 'ப்ரிசர்வ்டு'. 'ஃபாசிலைஸ்டு இன் ஆம்பர்' என்று பூச்சிக்குச் சொல்வதும் பரவலாக இருக்கிறது; தவறென்று அடிக்க முடியாது, ஆனால் கறாரான நடை முன்னதையே விரும்பும்.

எலும்பு, பல், ஓடு, மரம், இலை ஆகியவை தயங்காமல் எழுவாயாக வரும். குருத்தெலும்புக்கு 'டஸ் நாட் ஃபாசிலைஸ் வெல்' என்று வரும். குருத்தெலும்பாலான எலும்புக்கூடு கொண்ட சுறாக்களின் பண்டைய வரலாற்றில் பெரும்பகுதி பற்களின் மூலமாகவே தெரியவருவது இதனால்தான். 'பிஹேவியர் டஸ் நாட் ஃபாசிலைஸ்' என்பது தொல்லுயிரியலாளர்கள் அடிக்கடி சொல்லும் தொடர்: விலங்கு எப்படி நடந்துகொண்டது என்பது படிவமாகாது, தடயங்களிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். முன்பு நிறத்துக்கும் இதையே சொன்னார்கள். 2010இல் சைனோசாரோப்டெரிக்ஸ் முதலிய டைனோசர்களின் இறகுகளில் நிறமித் துகள்களின் எச்சங்கள் அறிவிக்கப்பட்டபின், நிறத்தைப் பற்றி அப்படி ஒரே அடியாகச் சொல்வது பழங்கதை.

படி 4: வாக்கியத்தில் பொருத்துதல்

செயப்படுபொருள் இல்லாமலும் வரும், இருந்தும் வரும். 'தி ஷெல்ஸ் ஃபாசிலைஸ்டு' என்றால் ஓடுகள் தாமாகப் படிவமாயின. 'தி ஷெல்ஸ் வேர் ஃபாசிலைஸ்டு' என்றால் ஏதோ ஒன்று அவற்றை அப்படி ஆக்கியது. கனிமத்தையோ சாம்பலையோ 'பை' போட்டுச் சொல்ல இடம் இருக்கிறது. அறிவியல் நடையில் இரண்டும் சம உரிமையோடு புழங்குகின்றன.

காலத்தில் ஒரு நுட்பம். நேர்ப்பொருளில் 'இஸ் ஃபாசிலைசிங்' என்ற தொடர்வினை காதில் நெருடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் ஒன்றை இந்தக் கணத்தில் நடப்பதாகக் காட்டுவதால் வரும் நெருடல் அது. உருவகத்தில் அது சகஜம்: 'தி டிபேட் இஸ் ஃபாசிலைசிங்' என்று தலையங்கத்தில் எழுதலாம்.

முன்னிடைச்சொற்கள்: 'இன்' எதற்குள் என்பதைக் காட்டும் (மணற்கல், சுண்ணாம்புப் பாறை). 'ஆஸ்' எந்த வடிவில் எஞ்சியது என்பதைக் காட்டும். 'இன்ட்டு' என்னவாக முடிந்தது என்பதைக் காட்டும், இது உருவகத்துக்கு மிகவும் பிடித்தது: ஒரு பழக்கம் 'ஃபாசிலைஸ்டு இன்ட்டு ரிச்சுவல்'.

உண்மையில் வினையாக வருவதைவிடப் பெயரடையாகவே இச்சொல் அதிகம் கண்ணில் படும். 'ஃபாசிலைஸ்டு போன்ஸ்', 'ஃபாசில் போன்ஸ்' இரண்டும் எலும்பைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று பதிலாக வரலாம். மற்ற இடங்களில் அப்படி இல்லை. 'ஃபாசில் ரெக்கார்டு' என்பது படிவங்களின் மொத்தத் தொகுப்பு. அதை 'ஃபாசிலைஸ்டு ரெக்கார்டு' என்று மாற்றினால் கல்லாகிப்போன இசைத்தட்டு ஒன்று மனதில் வரும். 'லிவிங் ஃபாசில்' என்பதும் அப்படியே மாறாத்தொடர். 1859இல் டார்வின் கையாண்ட இத்தொடர், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்டபின் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்று.

படி 5: உருவகத்துக்கு மாற்றுதல்

பதிலீட்டுப் பாதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வடிவம் நிற்கிறது, உள்ளே இருந்தது போய்விட்டது. உருவகமாக எழுதும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது முன்பு உயிரோட்டத்துடன் இருந்ததா? அந்த உயிரோட்டம் இப்போது இல்லையா? ஆனாலும் வடிவம் கலையாமல் நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஃபாசிலைஸ் போடலாம்.

ஒரு சோதனை. ஓர் இயக்கம் விவாதக் கூட்டங்களோடு தொடங்கியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் கூட்டம் அதே கிழமையில், அதே நிகழ்ச்சி நிரலோடு நடக்கிறது. யாரும் எதையும் விவாதிப்பதில்லை. மூன்று கேள்விகளும் தேறுகின்றன. 'தி மூவ்மென்ட் ஹேஸ் ஃபாசிலைஸ்டு' என்பது துல்லியமான வாக்கியம். அதே இயக்கம் உடைந்து கலைந்திருந்தால் மூன்றாவது கேள்வி தோற்கிறது; அப்போது 'டிக்கேய்டு', 'டிஸின்டெக்ரேட்டட்' போன்றவற்றைத் தேட வேண்டும். முதல் நாளிலிருந்தே உயிரில்லாத குழுவென்றால் முதல் கேள்வியிலேயே முடிந்தது. படிவமாவதற்கு முதலில் வாழ்ந்திருக்க வேண்டுமே.

கோபம், பயம், பசி போன்ற உணர்ச்சிகளுக்கு இந்த வினை ஏன் ஒட்டாது என்பதும் இதனால் விளங்கும். அவற்றுக்குத் தாமே நிற்கும் வடிவம் கிடையாது. ஆனால் பழைய கோபம் ஒரு கொள்கையாகவோ குடும்பப் பகையின் சம்பிரதாயமாகவோ வடிவெடுத்துவிட்டால், அந்தச் சம்பிரதாயத்துக்குச் சொல்லலாம்.

தொனியில் கவனம் தேவை. நிறுவனம், கருத்து, மனிதர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும்போது இது குறை கூறும் சொல். மனிதருக்குச் சொன்னால் ஏளனமும் சேரும். 'ஓல்ட் ஃபாசில்' என்பது முகத்துக்கு நேரே சொல்லக் கூடாதது. பாரம்பரியத்தைக் காப்பாற்றி வருகிறார்கள் என்று பாராட்ட நினைத்து இதைப் போட்டால் பாராட்டு வசவாகிவிடும். அங்கே 'ப்ரிசர்வ்' வேண்டும்.

கண்டிக்கும் தொனி இல்லாத ஓர் இடம் உண்டு: பழையதைத் தடயமாகப் பதித்து வைப்பது. ஆங்கில எழுத்துக்கூட்டல் அதற்குச் சிறந்த உதாரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த காலத்தை ஒட்டி எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெறத் தொடங்கியது, உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் உள்ள 'கே' எழுத்து ஒரு காலத்தில் ஒலித்தது. 'தி ஸ்பெல்லிங் ஃபாசிலைசஸ் அன் ஓல்டர் ப்ரொனன்ஸியேஷன்' என்றால் எழுத்துக்கூட்டலைத் திட்டுவதாகாது, அது எதைச் சுமந்து நிற்கிறது என்று காட்டுவதாகும். செயப்படுபொருள் கொண்ட இந்தப் பயன்பாடு அதிகம் கற்றுத்தரப்படுவதில்லை. கைவசம் வைத்துக்கொள்ளத் தகுந்தது.

படி 6: மொழியியலில் கலைச்சொல்லாக

இத்துறையில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. குழப்பிக்கொண்டால் கட்டுரையே தடம் மாறும்.

ஒன்று, மொழி கற்போரின் பிழை நிலைத்துவிடுதல். மொழியியலாளர் லாரி செலிங்க்கர் 1972இல் 'இன்டர்லாங்குவேஜ்' என்ற கருத்தை முன்வைத்த கட்டுரையில் 'ஃபாசிலைசேஷன்' என்பதைக் கலைச்சொல்லாக்கினார். கற்பவர் தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் இடையே தமக்கென ஓர் இடைமொழியைக் கட்டிக்கொள்கிறார். அதன் சில கூறுகள் எவ்வளவு பயிற்சியும் திருத்தமும் கிடைத்தாலும் அசையாமல் நின்றுவிடுகின்றன. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' போடும் பழக்கம் விதி தெரிந்தவர்களிடமும் நீடிப்பதைப் பார்க்கலாம். திருத்தினால் அன்று மட்டும் மறையும், வேகமாகப் பேசும்போது திரும்பி வரும்.

அளவோடு பயன்படுத்த வேண்டிய சொல் இது. ஆறு மாதமாக ஒருவர் அதே பிழையைச் செய்கிறார் என்பதற்காக 'ஃபாசிலைஸ்டு எரர்' என்று முத்திரை குத்துவது அவசரம். இரண்டாம் மொழி கற்றலை ஆய்ந்த மைக்கேல் லாங் 2003இல் எழுதியபோது, தற்காலிகத் தேக்கத்தையும் நிரந்தர உறைவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். தேக்கத்துக்கு 'ஸ்டேபிலைஸ்' என்ற வினை இருக்கிறது. ஆசிரியர் அறிக்கையில் அதைப் போடுவது மாணவருக்கும் நியாயம், உண்மைக்கும் நியாயம்.

மற்றொன்று, தனியே வழக்கொழிந்து ஒரே தொடருக்குள் மட்டும் உயிர்பிழைத்திருக்கும் சொற்கள். 'கித் அண்ட் கின்' என்பதிலுள்ள 'கித்', 'ஷார்ட் ஷ்ரிஃப்ட்' என்பதிலுள்ள 'ஷ்ரிஃப்ட்', 'டு அண்ட் ஃப்ரோ' என்பதிலுள்ள 'ஃப்ரோ' இத்தகையவை. 'இஃப் நீட் பி' போன்ற தொடர்களில் பழைய இலக்கணமே படிவமாகி நிற்கிறது. இங்கே வினை நடுநிலையானது, பிழை என்ற சாயலே கிடையாது.

படி 7: உடன்பிறப்புகளிடமிருந்து பிரித்தறிதல்

'பெட்ரிஃபை' நேர்ப்பொருளில் கல்லாக்குதல். மரத்துக்கு 'பெட்ரிஃபைடு வுட்' என்பதே வழக்கம். மின்னல் மணலில் இறங்கி உருக்கிய கண்ணாடிக் குழாயையும் பேச்சுவழக்கில் 'பெட்ரிஃபைடு லைட்னிங்' என்பார்கள், உயிரே சம்பந்தப்படாவிட்டாலும். உருவகத்தில் இது முற்றிலும் வேறு ஊர்: பயத்தில் உறைந்துபோவது. 'ஐ வாஸ் ஃபாசிலைஸ்டு வித் ஃபியர்' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

'ஆசிஃபை' எலும்பாக இறுகுதல். குழந்தையின் குருத்தெலும்பு எலும்பாவதை இப்படிச் சொல்வார்கள். உயிருள்ள உடலில் நடப்பது. எனவே உருவகத்திலும் இன்னும் இயங்கிக்கொண்டே வளைந்துகொடுக்க மறுக்கும் ஒன்றுக்கு இது ஏற்றது. கட்சி அதிகாரத்தில் இருந்துகொண்டே பிடிவாதமாகிறது என்றால் 'ஆசிஃபைடு'. உயிரோட்டம் நின்று சடங்கு மட்டும் மிஞ்சியது என்றால் 'ஃபாசிலைஸ்டு'. நல்ல எழுத்தாளர்களும் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுண்டு, ஆனால் பிரித்து எழுதும்போது கிடைக்கும் கூர்மையே தனி.

'கால்சிஃபை' சுண்ணாம்பு படிதல். ரத்தக்குழாய்க்கும் தசைநாணுக்கும் இதுவே, ஃபாசிலைஸ் கூடவே கூடாது. 'மம்மிஃபை' உலர்த்திப் பதப்படுத்துவது.

படி 8: தமிழாக்கும்போது

நேர்ப்பொருளுக்குப் 'புதைபடிவமாதல்', 'தொல்லெச்சமாதல்' இரண்டும் நன்றாக நடக்கும். 'கல்லாதல்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் கரிப்படலமும் காலடியும் வெளியே நின்றுவிடும். உருவகத்துக்கு அதே கலைச்சொல்லை இழுத்து வந்தால் வாக்கியம் விறைத்துக்கொள்ளும். நிறுவனத்துக்கும் கருத்துக்கும் 'கெட்டிதட்டிப்போன', 'இறுகிப்போன', வழக்கத்துக்குச் 'சடங்காகிப்போன', மொழிப் பிழைக்கு 'ஊறிப்போன' என்று இடத்துக்கேற்ப மாற்றுவதே சரி.

சில வாக்கியங்களைத் திருத்திப் பார்ப்போம்

'தி ஃபாசிலைஸ்டு லைம்ஸ்டோன் கண்டெய்ன்ஸ் ஷெல்ஸ்': படிவமானது ஓடு, சுண்ணாம்புக்கல் இல்லை. 'ஃபாசிலிஃபெரஸ் லைம்ஸ்டோன்' என்று மாற்றுங்கள்.

'தி மாமத் வாஸ் ஃபாசிலைஸ்டு இன் ஐஸ்': தசை அப்படியே இருக்கிறது. 'ப்ரிசர்வ்டு இன் பெர்மாஃப்ராஸ்ட்' சரி.

'ஹிஸ் ஆர்ட்டரீஸ் ஹேவ் ஃபாசிலைஸ்டு': மருத்துவக் குறிப்பானால் 'கால்சிஃபைடு'. நகைச்சுவையாக எழுதியிருந்தால் விட்டுவிடலாம்.

'தி கிராஃப்ட் ஹேஸ் பீன் லவிங்லி ஃபாசிலைஸ்டு பை தி வில்லேஜர்ஸ்': பாராட்டும் வசவும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்கின்றன. கைவினை இன்னும் உயிரோடு இருந்தால் 'கெப்ட் அலைவ்'. சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் பழைய அசைவுகளைத் திரும்பச் செய்கிறார்கள் என்பதுதான் சொல்ல வந்தது என்றால், 'லவிங்லி'யை எடுத்துவிட்டு வினையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.